மூன்று வேளையா, ஆறு வேளையா? சர்க்கரை நோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): எனக்குக் கொலஸ்ட்ரால் அதிகம், டாக்டர். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தால் குறையும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஆதாரம் இருக்கிறது. 1989இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 7 ஆண்களுக்கு ஒரே உணவை இரண்டு வாரம் மூன்று வேளையாகவும், இரண்டு வாரம் 17 சிறு பங்குகளாகவும் கொடுத்தார்கள். பிரித்துக் கொடுத்தபோது எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் 13.5 சதவீதமும் இன்சுலின் சுமார் 28 சதவீதமும் குறைவாக இருந்தன. மாவுச்சத்து சிறுகச் சிறுக வந்தால் இன்சுலின் ஒரேயடியாக ஏறாது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாகும் வேலையை முடுக்கிவிடுவதில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அங்கே ஒரு கவளம்கூடக் கூடவில்லை. நம் வீடுகளில் நடப்பது வேறு. பதினோரு மணிக்குச் சர்க்கரை போட்ட காபியும் இரண்டு பிஸ்கட்டும், நாலு மணிக்கு டீயும் வடையும் சேர்ந்துகொள்கின்றன. "பிரித்துச் சாப்பிடுகிறேன்" என்பவர்களிடம், மதியம் தட்டில் சோறு குறைந்ததா என்று நான் கேட்பேன். பெரும்பாலும் குறைந்திருக்காது. குறைக்காமல் பிரிப்பது கூட்டுவதுதான்.

கேள்வி (மாணவர், கோவை): அடிக்கடி சாப்பிட்டால் உடல் அதிக ஆற்றலை எரிக்கும் என்று உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னார்கள்.

பதில்: எரிக்காது. செரிமானத்துக்குச் செலவாகும் ஆற்றல் நீங்கள் சாப்பிடும் மொத்த அளவைப் பொறுத்தது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எத்தனை தடவையாகச் சாப்பிட்டாலும் அதுவேதான்.

கேள்வி (இல்லத்தரசி, தஞ்சாவூர்): என் அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு வேளை போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: நீங்களாக மாற்றாதீர்கள், அம்மா. உறவினர் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. பிராக் நகரில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 54 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஒரே கலோரி அளவை 12 வாரம் ஆறு வேளையாகவும், 12 வாரம் காலை, மதியம் என இரண்டே வேளையாகவும் உண்டார்கள். ஆறு வேளையில் 2.3 கிலோ எடை குறைந்தது; இரண்டு வேளையில் 3.7 கிலோ. கல்லீரல் கொழுப்பும் இரண்டு வேளையில்தான் கூடுதலாகக் குறைந்தது.

ஆனால் அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள். உங்கள் அம்மா இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு ஒரு வேளையை விட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பிறகு மயக்கம். வயதானவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. மருந்தின் அளவை முதலில் மருத்துவர் மாற்றட்டும். வேளையை அப்புறம் மாற்றலாம்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிடுவது?

பதில்: நான் பரிந்துரைப்பதில்லை. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே வேளை உண்ட காலத்தில் உடல் கொழுப்பு சற்றுக் குறைந்தாலும், மூன்று வேளை உண்ட காலத்தைவிட இரத்த அழுத்தமும் எல்டிஎல்லும் அதிகமாக இருந்தன. இதயத்துக்காகச் செய்பவருக்கு இது நஷ்டம்.

கேள்வி (ஜவுளிக் கடைக்காரர், மதுரை): கடை பூட்டி வீடு சேரப் பத்தரை ஆகிறது. பிறகுதான் முழுச் சாப்பாடு. காலையில் பசிப்பதே இல்லை.

பதில்: எனக்கு அதிகக் கவலை தரும் கேள்வி உங்களுடையதுதான், ஐயா. வேளைகளின் எண்ணிக்கையைவிட நேரம் பெரிது. அதே இட்லி காலையில் ஏற்றும் சர்க்கரையைவிட இரவில் ஏற்றுவது அதிகம். மாலைக்கு மேல் இன்சுலின் காலையைப் போல நன்றாக வேலை செய்வதில்லை. 2013இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், உடல் பருமனுள்ள பெண்கள் தினமும் 1400 கலோரி உண்டார்கள். அதில் 700ஐக் காலையில் உண்டவர்கள் 12 வாரத்தில் சராசரியாக 8.7 கிலோ இறங்கினார்கள். இரவில் உண்டவர்கள் 3.6 கிலோ.

கடையை முன்னதாகப் பூட்டச் சொல்லவில்லை. டிபன் பெட்டியைக் கடைக்கு வரவழையுங்கள். ஏழு மணிக்கு இரண்டு சப்பாத்தியும் பாசிப்பயறுக் கூட்டும், கல்லாவில் வேறு ஒருவரை உட்காரவைத்துவிட்டு, நிதானமாகச் சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் மோர் போதும். காலைப் பசி தானாகத் திரும்பும்.