விழுப்புரத்துக்காரர் சிவாஜிக்குப் புதுச்சேரியில் ஏன் விழா?

சிவாஜி கணேசன் பிறந்தது விழுப்புரத்தில், அவர் பிறந்தநாளைப் புதுச்சேரி ஏன் கொண்டாடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விழுப்புரம் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். எங்களுக்கு அவர் பக்கத்து ஊர்ப் பிள்ளை.

அப்புறம், பிரான்ஸ் தொடர்பு. 1995இல் பிரான்ஸ் அரசு அவருக்குச் செவாலியே விருது கொடுத்தது. வீட்டுக்கு வீடு பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரில் அந்த விருதுக்குத் தனி மரியாதை. இன்றும் போஸ்டர்களில் ‘செவாலியே’ போடாமல் அவர் பெயரை அச்சடிக்க ரசிகர்களுக்கு மனசு வராது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கருவடிக்குப்பத்தில் அவர் சிலை இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் ‘சிவாஜி சிலை’ என்றால் போதும். அக்டோபர் 1 அன்று அரசு சார்பில் மாலை போடுவார்கள், முதல்வரும் அமைச்சர்களும் வருவார்கள். அது சீக்கிரம் முடிந்துவிடும். உடனே கிளம்பிவிடாதீர்கள். வயதான ரசிகர்கள் அப்புறம்தான் நிதானமாகப் பேச ஆரம்பிப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் கட்டபொம்மன் வசனத்தைத் தொடங்குவார். மூச்சு முட்டும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்வார். அவர்கள் கண் கலங்குவது நடிப்பில்லை. நான் பார்த்தவரையில் இந்த விழாவின் உயிரே அதுதான்.

ஜூலை 21, நினைவு நாளன்றும் சிலைக்கு மாலை உண்டு. கூட்டம் குறைவாக இருக்கும்.