குமுளி பக்கம் பழைய கருங்கல் வீட்டின் மேல் மாடி எடுக்கலாமா? நில அதிர்வுக்கு என்ன முன்னேற்பாடு செய்வது?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. தாத்தா காலத்து வீடு, மண்கலவையில் கட்டிய கருங்கல் சுவர், மேலே ஓட்டுக்கூரை, பின்னால் சரிவு. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு, அதன்மேல் இரண்டு அறை எடுக்க ஆசை. "நிலநடுக்கம் வந்தால் பெரியாறு அணைக்குத்தான் ஆபத்து, வீட்டுக்கு என்ன?" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

அந்தச் சுவரின் மேல் மாடி எடுக்காதீர்கள். தளமும் போடாதீர்கள். நான் கம்பத்துக்காரன். குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பக்கம் வீட்டு வேலைகளுக்கு மேற்பார்வை பார்க்கிறேன். ஓட்டுக்கூரை மரத்தோடு சேர்த்தே சதுர அடிக்கு ஏழெட்டு கிலோதான் வரும். ஐந்து அங்குலத் தளம் போட்டால் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. தரை ஆடும்போது சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசை, மேலே இருக்கும் எடையைப் பொறுத்துத்தான் கூடும். மண்கலவைச் சுவர் மேலிருந்து அழுத்தும் பாரத்தை நூறு வருஷம் தாங்கும். பக்கவாட்டில் ஒரு உலுக்கலைத் தாங்காது.

அணையைப் பற்றிய பேச்சு எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எல்லையின் இரண்டு பக்கமும் நிலநடுக்கம் என்ற சொல் வந்தாலே முல்லைப் பெரியாறுதான் நினைவுக்கு வருகிறது. 1895-ல் முடிந்த அந்த அணைக்கு 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே கம்பிவட நங்கூரம், பின்னால் தாங்கு கான்கிரீட் என்று வேலைகள் நடந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நிபுணர் குழுக்கள் பார்த்தன. நாம் படுத்துத் தூங்குகிற அறையின் சுவரை நாம்தான் பார்க்க வேண்டும், வேறு யாரும் வரப் போவதில்லை.

இங்கே நிலம் ஆடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர், பாலக்காடு பகுதியில் வந்த நிலநடுக்கம் ஏறக்குறைய 6 ரிக்டர். 1988 ஜூன் 7 அன்று நெடுங்கண்டம் பக்கம் 4.5. 2000 டிசம்பர் 12 காலையில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 5. அது ஆறுவதற்குள் அடுத்த மாதமே 4.8. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2016 நிலநடுக்க வரைபடத்தில் கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலத்தில் வந்தது, அதாவது நடுத்தர அபாயம்.

நடுத்தரம்தானே என்று விட்டுவிட முடியாது. மகாராஷ்டிரத்தின் கில்லாரி அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, எல்லோரும் தூங்கும் நேரத்தில், 6.2 அளவில் வந்த நிலநடுக்கத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே இருந்தவையும் மண்கலவையில் கட்டிய தடித்த கருங்கல் சுவர்கள்தான். நம் ஆட்கள் "ரெண்டடி சுவர், யானை முட்டினாலும் அசையாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது ஒரே சுவர் அல்ல. உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் சல்லியும் மண்ணும். ஆட்டத்தில் இரண்டு வரிசையும் பிரிந்து, ஒன்று வீட்டுக்குள் விழும், ஒன்று வெளியே விழும்.

உங்கள் வீட்டை இடிக்கத் தேவையில்லை. முதலில் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கேயாவது வயிறு தள்ளியிருக்கிறதா? மூலைகளில் மேலிருந்து கீழாக விரிசல் இருக்கிறதா? மூலை விரிசல் என்றால் இரண்டு சுவரும் ஒன்றையொன்று விட்டுவிட்டன என்று பொருள். வயிறு தள்ளிய இடத்தை முட்டுக் கொடுத்துப் பிரித்து, சிமெண்ட் கலவையில் திரும்பக் கட்ட வேண்டும். கட்டும்போது சுவரின் இரண்டு முகத்துக்கும் எட்டுகிற நீளக்கல்லை, உயரத்தில் இரண்டடிக்கு ஒன்று, நீளத்தில் நாலடிக்கு ஒன்று என்று வைக்கச் சொல்லுங்கள். பிரிக்காத இடத்தில் கல்லை மெல்ல எடுத்துத் துளை போட்டு, இரு முனையும் வளைத்த கம்பியை வைத்துக் கான்கிரீட் அடைக்கலாம். கில்லாரி இருக்கும் லாத்தூர் மாவட்டத்தில் நிலநடுக்கத்துக்குப் பிறகு பழைய வீடுகளுக்குச் செய்தது இந்த வேலைதான்.

அடுத்தது பெல்ட், அதாவது சுவர்களைச் சுற்றி ஓடும் கட்டுப் பட்டை. வாசல், ஜன்னல் தலைக்கு மேல் வீட்டைச் சுற்றி எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். கூடையின் வாய்க்கட்டு போல அது நாலு சுவரையும் சேர்த்துப் பிடிக்கும். புது வீட்டில் மூன்று அங்குலத்துக்குக் குறையாத கான்கிரீட்டில் இரண்டு கம்பி ஓடவிட்டு இதைப் போடுவோம். பழைய வீட்டில் பூச்சைக் கொத்திவிட்டு, இரண்டு பக்கமும் வெல்ட்மெஷ் கம்பிவலை அடித்து, சுவர் வழியாகக் கம்பியால் கோத்து, சிமெண்ட் பூச்சு பூசலாம். ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டுவிட்டு "பெல்ட் போட்டாச்சு" என்று சொல்பவரை நம்பாதீர்கள். கூரை மரத்தைச் சுவரில் சும்மா உட்கார வைக்காமல் போல்ட்டோ பட்டையோ போட்டுச் சுவரோடு பிணைக்க வேண்டும். ஓட்டு வீட்டின் இரு முனையிலும் நிற்கிற முக்கோணச் சுவர் முதலில் விழக்கூடியது. அதை எடுத்துவிட்டுத் தகரமோ பலகையோ அடித்தாலே பாதி நிம்மதி.

கூடுதல் அறை கட்டாயம் வேண்டும் என்றால் பக்கத்தில் தனியாகத் தூண் நிறுத்திக் கட்டுங்கள். இந்த இடத்தில்தான் மலை நாட்டுக்கே உரிய ஒரு பெரிய தப்பு நடக்கிறது. சரிவில் கட்டும்போது பள்ளத்துப் பக்கத் தூண் பன்னிரண்டு அடி, மேட்டுப் பக்கத் தூண் நாலடி என்று நிற்கும். நெட்டைத் தூணைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆட்டத்தில் முதலில் உடைவது குட்டைத் தூண். உயரம் பாதியானால் தூணின் விறைப்பு எட்டு மடங்காகிறது. விறைப்பாக நிற்பதுதான் விசையையும் இழுத்து வாங்கிக்கொள்ளும். முடிந்த வரை நிலத்தைச் சமன் செய்து, தூண்களை ஒரே உயரத்தில் எழுப்புங்கள். முடியாவிட்டால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடம் வாங்காமல் குழி தோண்டாதீர்கள். ஜேசிபி வைத்து மேட்டைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்சுவரை ஒட்டி வீடு வைப்பதும் வேண்டாம்.

தூணில் ரிங்கை, அதாவது நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தைப் பாருங்கள். கம்பி கட்டுகிறவர் நேரம் மிச்சம் என்று ரிங்கின் முனையைச் சதுரமாக, 90 பாகையில் மடக்கி விடுவார். ஆட்டத்தில் மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் அது வாயைத் திறந்துவிடும். முனை 135 பாகையில், தூணின் உள்ளே பார்த்து மடங்கியிருக்க வேண்டும். தூணும் பீமும் சேரும் இடத்துக்குக் கிட்டே நாலு அங்குலத்துக்கு ஒரு ரிங். கம்பிச் செலவு கொஞ்சம்தான் கூடும். கீழே வண்டி நிறுத்தச் சுவரே இல்லாமல் வெறும் தூணில் நிறுத்தும் கட்டடமும் ஆபத்து. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அப்படிப்பட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தன.

வீட்டுக்குள் இந்த வாரமே செய்யக்கூடியவை: பீரோவைச் சுவரோடு ஆங்கிள் வைத்து இறுக்குங்கள். பரணில் அண்டா, குண்டான் இருந்தால் இறக்கி வையுங்கள். கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள். கல்சுவரை ஒட்டித் தலை வைத்துக் குழந்தைகள் படுக்கக் கூடாது. ஆடும்போது வாசலுக்கு ஓரெட்டில் இருப்பவர் திறந்த வெளிக்குப் போகலாம். உள்ளே இருப்பவர் உறுதியான மேசைக்கோ கட்டிலுக்கோ கீழே தலையை மறைத்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். ஓடு விழும் இறவாணத்தின் கீழ் யாரும் நிற்க வேண்டாம்.

ஊராகச் செய்ய வேண்டியதும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மழையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ் ஆட்கள். அது நிலநடுக்கம் அல்ல. ஆனால் ஃபோன் இல்லை, பாதை இல்லை, வெளியுலகத்துக்குச் சேதி போகவே விடிந்துவிட்டது. அதுவரை அங்கே இருந்த கை அக்கம்பக்கத்தார் கைதான். மழைக்காலத்தில் நிலம் ஆடினால் நமக்கும் அதே நிலைதான். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, கடப்பாரையும் ஜாக்கியும் வடக்கயிறும் யாரிடம் இருக்கின்றன என்று குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுவின் அயல்கூட்டத்தில் ஒரு நாள் உட்கார்ந்து எழுதிவிடலாம். சரிவுக்கு அடியில் இல்லாத மைதானம் ஒன்றைக் கூடுமிடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112.

பழைய லயங்களில் இன்னும் குடியிருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் முதலில் தேவை. பீருமேடு பக்கம் மூடிக் கிடக்கும் தோட்டங்களில் சுவரைப் பழுதுபார்க்க யாரும் இல்லை, குடியிருப்பவர்கள் கையில் காசும் இல்லை. கிராம சபை கூடும்போது உங்கள் வீட்டு விஷயத்தோடு அந்த லயங்களின் சுவர்ப் பரிசோதனையையும் எழுத்தில் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

மாடிக்கு வைத்திருக்கும் பணத்தில் மூலை, பெல்ட், முக்கோணச் சுவர் என்ற வரிசையில் வேலையைத் தொடங்குங்கள். மழை பிடிப்பதற்கு முன், மார்ச்சுக்குள் ஆரம்பித்தால் பூச்சுக்குத் தண்ணீர் விட்டு ஆறவிட நேரம் கிடைக்கும்.