உப்பு பேட்டரியும் வெடியுப்புக் கண்ணாடியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேட்டரி பற்றித்தான். எல்லோரும் மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டீர்களா, இல்லை வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறதா தெரியவில்லை. சரி, அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

கேள்வி: உப்பில் பேட்டரி செய்கிறார்களாம், லித்தியத்துக்கு இனி வேலையே இல்லையாம். எங்கள் ஊர் உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பு கிடக்கிறது. எங்களுக்கு யோகம் அடிக்குமா? (தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அடிக்கலாம், ஆனால் உப்பால் அடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சமையல் உப்பை யாரும் அப்படியே பேட்டரிக்குள் கொட்டுவதில்லை. தேவை சோடியம், அதைச் சோடா உப்பாக, அதாவது சோடியம் கார்பனேட்டாக வாங்குவார்கள். சோப்புத்தூளுக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் டன் டன்னாகப் போய்க்கொண்டிருக்கிற அதே சரக்குதான், ஏற்கெனவே மலிவு, அதை விற்றுப் புதிதாக யாரும் கோடீஸ்வரர் ஆகப் போவதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். லித்தியம் அணுவின் எடை 7, சோடியத்துக்கு 23, ஆளும் பருமன். லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள், சீட்டுக்கட்டின் இடுக்கில் பஸ் டிக்கெட்டைச் செருகுவது மாதிரி, போய் உட்கார்ந்துகொள்ளும். சோடியத்தை அங்கே உட்காரச் சொன்னால் உட்காராது. (பருமன் மட்டும் காரணமில்லை. பொட்டாசியம் இன்னும் பருமன், அது கிராஃபைட்டில் ஜம்மென்று உட்காரும்! வேதியியல் இப்படித்தான் காலை வாரும்.) ஆகவே சீட்டுக்கட்டைக் கலைத்துக் கசக்கி, சந்தும் பொந்துமாக விட்டது போன்ற ஒரு கரி தேவைப்படுகிறது. ஹார்டு கார்பன் என்பார்கள். தாவரப் பொருளைக் காற்றுப் படாமல் 1000 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கிடைக்கும். எந்தத் தாவரப் பொருள்? பலதையும் முயன்று பார்த்திருக்கிறார்கள், அதில் நல்ல பெயர் எடுத்த ஒன்று நம்ம தேங்காய்ச் சிரட்டை. ஆக, உங்கள் ஊருக்கு யோகம் வந்தால் அது உப்பளம் வழியாக வராது, தென்னந்தோப்பு வழியாக வரும். இதற்காக வீட்டு அடுப்புக்கரியை மூட்டை கட்டி வைக்காதீர்கள். சாம்பல் சத்தையெல்லாம் கழுவி எடுத்த, ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரத்தில் இருக்கிற கரி வேண்டும், அந்த ஒரே தரம்தான் கஷ்டம்.

இந்தக் கரி பேட்டரியின் ஒரு முனைக்கு; எதிர்முனையிலும் ஒரு பழைய சரக்கு இருக்கிறது. பிரஷ்யன் நீலம் என்று ஒரு சாயம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடித்தது, அந்தக் காலத்து நீலநிறக் கட்டட வரைபடங்களின் நீலமும் அதுவே. அதன் படிக அமைப்பில் சோடியம் தாராளமாகப் போய்வர இடம் உண்டு. சீனாவின் பேட்டரிக் கம்பெனி சிஏடிஎல் 2021 ஜூலையில் தன் முதல் சோடியம் பேட்டரியை அறிவித்தபோது பயன்படுத்தியது இதன் சோடியம் நிறைந்த வெள்ளைநிறத் தம்பியைத்தான். அன்று அவர்கள் சொன்ன கணக்கு கிலோவுக்கு 160 வாட்-மணி. நல்ல லித்தியம் பேட்டரி 250ஐத் தாண்டும். அதாவது அதே தூரம் ஓட, வண்டி அதிக எடையைச் சுமக்க வேண்டும்.

லாபமும் இருக்கிறது. லித்தியம் பேட்டரியில் ஒரு பக்கம் செம்புத் தகடு போட்டே ஆக வேண்டும், அலுமினியம் போட்டால் லித்தியம் அதோடு கலந்து அதைக் கெடுத்துவிடும். சோடியம் அப்படிச் செய்யாது, இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். செம்பு விலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் 2022இல் உச்சத்துக்குப் போன லித்தியம் விலை அப்புறம் மடமடவென்று சரிந்ததில், சோடியம்காரர்கள் போட்ட கணக்கில் பாதி அடிபட்டுப்போனது. என் கருத்து: ஸ்கூட்டருக்கு இது இரண்டாம் தரம், மாடிப்படிக்குக் கீழே நகராமல் கிடக்கிற இன்வெர்ட்டருக்கு முதல் தரம். அங்கே எடையைப் பற்றி யாருக்குக் கவலை!

கேள்வி: லித்தியம் பேட்டரியில் தமிழர் ஒருவருக்குப் பங்கு உண்டு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா, வழக்கமான உருட்டா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இந்த ஒரு தடவை வாட்ஸ்அப்பை நம்பலாம். ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, பேட்டரி விஞ்ஞானி ஜான் குடினஃபோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்து, ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். 1980களில் இருவரும் பார்த்த வேலை இதுதான்: இரும்பை வைத்து மலிவாக பேட்டரி செய்தால் மின்னழுத்தம் போதவில்லை; வெறும் ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போன்ற ஒரு கூட்டு அயனியைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அதே இரும்பு கூடுதல் மின்னழுத்தம் தருகிறது. அந்த வழியிலேயே போய்த்தான் 1990களில் குடினஃபின் குழு இரும்பு பாஸ்பேட்டுக்கு வந்தது. இன்றைக்கு எல்எஃப்பி என்று ஷோரூம்காரர் சொல்கிறாரே, அது.

2019 வேதியியல் நோபல் மூன்று பேருக்கு: குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ. மந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 97 வயது குடினஃபுக்காக ஸ்டாக்ஹோமில் மேடையேறி நோபல் உரையை நிகழ்த்தியவர் அவர். வாட்ஸ்அப்பில் 'நோபல் வாங்கிய தமிழர்' என்று வந்திருந்தால், அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: போன் கீழே விழுந்தால் உடைவதில்லை, ஆனால் பாக்கெட்டில் சும்மா இருக்கும்போதே கீறல் விழுகிறது. இது என்ன கண்ணாடி? (சிவகாசியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இதை உங்கள் ஊர்க்காரர் கேட்டது பொருத்தம்தான், இதில் வெடியுப்பு இருக்கிறது! பொட்டாசியம் நைட்ரேட். பட்டாசுக்குள் போகிற அதே உப்பை 400 டிகிரி அளவில் உருக்கி, அதில் கண்ணாடித் தகட்டை மணிக்கணக்கில் முக்கி வைப்பார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் வெளியே வரும், உருகிய உப்பிலிருந்து பொட்டாசியம் உள்ளே போகும். முதல் கேள்வியில் பருமன் என்று நம்மிடம் திட்டு வாங்கிய சோடியம் இங்கே ஒல்லிப்பிச்சான், பொட்டாசியம்தான் பருமன். இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் இடித்துப் பிடித்து உட்கார்ந்த மாதிரி மேற்பரப்பு முழுக்க நெருக்கிக்கொண்டு நிற்கும். கண்ணாடி உடைவது என்பது மேலே இருக்கும் நுண்ணிய விரிசல் வாய் திறப்பதுதான், இந்த நெரிசலில் அது வாய் திறக்க முடியாது.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அமெரிக்காவின் கண்ணாடிக் கம்பெனி கார்னிங் 1960களிலேயே இந்த மாதிரிக் கண்ணாடி செய்து, பெரிதாக வாங்க ஆளில்லாமல் ஓரம் வைத்துவிட்டது. 2007இல் முதல் ஐபோனுக்காகத்தான் அந்தப் பழைய வித்தையைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

பாக்கெட்டில் விழும் கீறலுக்குக் காரணம் மணல். மணலில் இருப்பது குவார்ட்ஸ், அது கண்ணாடியைவிடக் கடினம். நெரிசல் விரிசலைத் தடுக்கும், கீறலைத் தடுக்காது. கடற்கரைக்குப் போய்வந்தால் பேன்ட் பாக்கெட்டை வெளியே இழுத்து உதறிவிட்டுப் போனைப் போடுங்கள்.

கேள்வி: பழைய லேப்டாப் சார்ஜர் செங்கல் மாதிரி இருந்தது, புதிதாக வாங்கியது எலுமிச்சம்பழம் அளவுதான். சக்தி இரண்டுக்கும் ஒன்றே என்கிறார்கள். டூப்ளிகேட்டா? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 'GaN' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காலியம் நைட்ரைடு. செத்துப்போன என் பழைய சார்ஜர் ஒன்றைச் சுத்தியலால் தட்டித் திறந்து பார்த்தேன் (நீங்கள் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கடிக்கும்). உள்ளே பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது மஞ்சள் டேப் சுற்றிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இறைத்தால் பெரிய வாளி வேண்டும், கை வேகமாக ஓடினால் சின்னச் செம்பே போதும், தொட்டி நிறைவதற்கு ஆகிற நேரம் ஒன்றுதான். சார்ஜருக்குள் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. சிலிக்கான் ஸ்விட்சை ரொம்ப வேகமாகத் தட்டினால் சூடாகி வீணாகும் மின்சாரம் கூடிவிடும். காலியம் நைட்ரைடு சில லட்சம் முறை வரை சளைக்காமல் தட்டும். வாளி செம்பாகிவிட்டது, அவ்வளவே.

இதே பொருள்தான் நீல எல்இடிக்கும் அடிப்படை. ஜப்பானில் டோக்குஷிமாவில் ஒரு சின்னக் கம்பெனியில் ஷூஜி நாக்காமுரா 1993இல் பளிச்சென்ற நீல விளக்கைச் செய்து காட்டியதற்கு அவர் கம்பெனி கொடுத்த ஊக்கத்தொகை 20,000 யென். வழக்குப் போட்டு, 2005இல் சமரசத்தில் 84 கோடி யென் வாங்கினார். 2014இல் அக்காசாக்கி, அமானோவோடு சேர்ந்து நோபலும் வந்தது.

கேள்வி: 2023இல் எல்கே-99 என்று உலகமே குதித்ததே, அப்புறம் சத்தத்தையே காணோம்? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் கலந்த ஒரு கறுப்புக் கட்டி, சாதாரண அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று தென் கொரியாவில் சொன்னார்கள். பெயரே லீ, கிம், 1999 என்பதன் சுருக்கம். காந்தத்தின் மேல் ஒரு ஓரம் தூக்கி நிற்கிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பத்துத் தடவை பார்த்தேன். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட பல இடங்களில் செய்து பார்த்தார்கள், யாருக்கும் வரவில்லை. கடைசியில் பிடிபட்டது அழுக்கு! தயாரிக்கும்போது கூடவே உண்டாகிற செம்பு சல்ஃபைடு, 104 டிகிரி அருகில் தானே உருமாறி மின்தடையைச் சட்டென்று குறைத்துக்கொள்ளும் பொருள். ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் அந்த அழுக்கு இல்லாமல் சுத்தமான படிகமாக வளர்த்துப் பார்த்தால், அது மின்சாரத்தையே கடத்தவில்லை. இத்தனையும் சில வாரங்களில் முடிந்துவிட்டது. கொண்டாடியவர்கள் இதையும் கொண்டாடியிருக்கலாம்.

கேள்வி: கதை எழுதுகிறது, கவிதை எழுதுகிறது, ஆனால் ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் இந்த ஏஐ உளறுகிறதே, ஏன்? (நாகர்கோவிலிலிருந்து ஒரு தமிழாசிரியை)

பதில்: டீச்சர், அதற்கு எழுத்தே கண்ணில் படுவதில்லை. 'அம்மா' உங்களுக்கும் எனக்கும் மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட், ஆக 15 பைட். ஆங்கிலத்தில் அதே அம்மாவை எழுதினால் 4 பைட்டோடு முடிந்தது. இந்தப் பைட்டுகளை, அடிக்கடி சேர்ந்து வருகிறவற்றை ஒட்டி ஒட்டித் துணுக்குகளாக்கித்தான் ஏஐக்கு ஊட்டுகிறார்கள். 1994இல் ஃபிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக வெளியிட்ட யுக்தி அது. எது அடிக்கடி வருகிறது என்பதை ஆங்கிலம் நிறைந்த குவியலைப் பார்த்து முடிவு செய்தால், ஆங்கிலச் சொல் முழுசாக ஒரே துணுக்காகும், தமிழ்ச் சொல் கொத்து பரோட்டா ஆகும். துணுக்குக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடங்களில் தமிழில் பேசினால் செலவும் கூடுதல்.

இன்னொன்று. 'கொ' எழுத, ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியும் யூனிகோடில் உண்டு, கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மென்பொருள் சரிசெய்துகொள்ளாவிட்டால் தேடலில் ஒன்று மற்றொன்றுக்குச் சிக்காது. மாணவர் பட்டியலில் 'கொற்றவை'யைத் தேடி வரவில்லை என்றால் அந்தப் பெண் லீவு என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: '3 நானோமீட்டர் சிப்' என்கிறார்களே, எது 3 நானோமீட்டர்? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எதுவுமே இல்லை. அது இப்போது வெறும் பெயர், பிளாட்டுக்கு 'ராயல் கார்டன்' என்று பெயர் வைப்பது போல. உள்ளே அடுத்தடுத்த டிரான்சிஸ்டர் கேட்டுகளுக்கு (மின்சாரத்தைத் திறந்து மூடும் கதவுகளுக்கு) இடையே 40 நானோமீட்டருக்கு மேல் இருக்கும்.

கேள்வி: மேசை டிராயரில் கிடந்த பழைய போன் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஊசியைக் கீழே வையுங்கள். உள்ளே இருப்பது காற்றில்லை, பேட்டரிக்குள் இருக்கும் திரவம் (மின்பகுதிரவம்) சிதைந்து உண்டான, தீப்பற்றக்கூடிய வாயு. இரண்டு முனைகளுக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம், ஊசி அதைத் தாண்டிய நொடியில் ஷார்ட் ஆகிப் புகையும் தீயும்தான். சார்ஜ் போட வேண்டாம், அமுக்கிப் பார்க்க வேண்டாம், குப்பைத்தொட்டியிலும் வேண்டாம். மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ச் செய்யுங்கள்.