கடப்புறத்துக் கருமணல் எந்த விண்மீனில் உண்டானது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். விண்மீன்களின் பிறப்பு, இறப்பு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். நம் உடம்பில் உள்ளதெல்லாம் விண்மீன்களில் உண்டானது என்ற இடம் வந்ததும் ஒரு பையன் எழுந்து, "அப்பம் நம்ம கடப்புறத்துல கெடக்க கருமண்ணு எந்த நட்சத்திரத்துல உண்டானது சார்?" என்று கேட்டான். இரும்பு வரைக்கும் விண்மீனுக்குள், அதற்கு மேல் உள்ளதெல்லாம் சூப்பர்நோவாவில் (விண்மீன் வெடிப்பில்) என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. இல்மனைட், சிர்க்கான், மோனசைட் என்று நம் மணலில் இருப்பவை தெரியும். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? இன்னொரு பிள்ளை, திருவாதிரை வெடிக்கப் போகிறதாமே, எப்போது என்று கேட்டாள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரித்துச் சொல்ல முடியும். அந்தப் பையனின் கேள்விக்கு ஒரு விண்மீனின் பெயர் பதிலாகாது. ஒரு கைப்பிடிக் கருமணலில் குறைந்தது நான்கு வகை விண்மீன்களின் வேலை கலந்து கிடக்கிறது. நீங்கள் சொன்ன வழக்கமான பதில் பல பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. அதில் இரண்டு இடங்கள் தவறு. இரண்டையும் உங்கள் ஊர் மணலை வைத்தே காட்டிவிடலாம்.

முதலில் மணலில் என்ன இருக்கிறது என்று எடைபோட்டுக்கொள்வோம். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. எடையில் இரும்பு 37 விழுக்காடு. டைட்டானியமும் ஆக்சிஜனும் 31.6 விழுக்காடு வீதம். சிர்க்கானில் சரிபாதி சிர்கோனியம், மீதி சிலிக்கனும் ஆக்சிஜனும். மோனசைட் ஒரு பாஸ்பேட். அதில் சீரியம், லாந்தனம், நியோடிமியம், இவற்றோடு ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடு. இவை எல்லாமே சாதாரண வெள்ளை மணலைவிடக் கனமானவை. அலை அடித்துத் திரும்பும்போது குவார்ட்ஸ் மணலை இழுத்துக்கொண்டு போகும், இவை கரையிலேயே தங்கிவிடும். கருமணல் சேர்வது அப்படித்தான்.

இனி விண்மீன்கள். ஒரு விண்மீன் எப்படி வாழும், எப்படிச் சாகும், என்ன தனிமங்களை விட்டுப் போகும் என்பதையெல்லாம் அது பிறக்கும்போது சேர்த்துக்கொண்ட நிறையே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. பிறக்கும் இடத்தைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். தை, மாசி மாதங்களில் முன்னிரவில் உச்சிக்கு அருகில் ஓரியன் நிற்கும். இடைவார் போன்ற மூன்று மீன்களுக்குக் கீழே புகை படிந்ததுபோல ஒரு திட்டு தெரியும். அது 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஓரியன் நெபுலா. புதிய விண்மீன்கள் பிறந்து பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுகள்கூட ஆகாத இடம். இப்படிப்பட்ட மேகங்களின் குளிர்ந்த பகுதிகளில் வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிர் அவசியம். வாயு சூடாக இருந்தால் அதன் அழுத்தம் ஈர்ப்பை எதிர்த்து நின்றுவிடும், மேகம் சுருங்காது. குளிர்ந்த மேகத்திலும் சுழற்சி, காந்தப்புலம், பக்கத்தில் முளைத்த பெரிய விண்மீன்களின் காற்று என்று தடைகள் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு மேகத்தில் சில விழுக்காடு மட்டுமே விண்மீனாகிறது, மற்றது கலைந்து போகிறது. சுருங்கியது சூரிய நிறையில் 0.08 பங்குக்குக் குறைவாக இருந்தால் ஹைட்ரஜன் இணைவு நிலைப்படாது.

இங்கே வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அணுக்கரு இணைவு நடப்பதால்தான் விண்மீன் சூடாக இருக்கிறது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். உண்மை தலைகீழ். ஈர்ப்பினால் சுருங்குவதே விண்மீனைச் சூடாக்குகிறது. இணைவு இல்லாமலேகூடச் சூரியன் சுமார் 3 கோடி ஆண்டுகள் ஒளி வீசியிருக்கும். இணைவு தொடங்கியதும் வெளியே போகும் ஆற்றலுக்கு ஈடு கிடைக்கிறது, சுருங்குவது நிற்கிறது. எரிபொருள் தீர்ந்தால் மறுபடி சுருங்கும், மறுபடி சூடேறும். ஆற்றலை இழக்க இழக்கச் சூடு கூடும் இந்த விசித்திரக் குணம் புரிந்துவிட்டால் விண்மீனின் மீதி வாழ்க்கை முழுவதும் புரிந்துவிடும்.

சூரியனின் மையத்தில் வெப்பநிலை 1.5 கோடி டிகிரி. நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாக மாறிவிடுகிறது. கேட்க வெடிகுண்டு போல இருந்தாலும், மையத்தின் ஒரு கனமீட்டரில் உண்டாகும் சக்தி சுமார் 280 வாட்தான். மட்கிக்கொண்டிருக்கும் உரக்குழியின் சூட்டோடு ஒப்பிடக்கூடிய அளவு இது. இரண்டு புரோட்டான்கள் இணையும் முதல் படி அத்தனை அரிதாக நடக்கிறது, அதனால்தான் சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டு ஆயுள். பத்து மடங்கு நிறையுள்ள விண்மீன் பல ஆயிரம் மடங்கு வேகமாகச் செலவழித்து 2, 3 கோடி ஆண்டுகளில் முடிந்துவிடும்.

பெரிய விண்மீனிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மணலில் உள்ள ஆக்சிஜன், சிலிக்கன், பாஸ்பரஸ், டைட்டானியத்தில் பெரும்பகுதி எல்லாம் சூரியனைப் போல 8 மடங்குக்கு மேல் நிறையுள்ளவற்றிலிருந்து வந்தவை. 25 மடங்கு நிறையுள்ள ஒன்றில் ஹைட்ரஜன் 70 லட்சம் ஆண்டுகள் தாங்கும். ஹீலியம் சில லட்சம் ஆண்டுகள், கார்பன் சுமார் 600 ஆண்டுகள், நியான் ஓராண்டு, ஆக்சிஜன் ஆறு மாதம், சிலிக்கன் ஒரே நாள். இந்த அவசரத்துக்குக் காரணம் நியூட்ரினோக்கள் என்ற, எதிலும் ஏறக்குறையத் தடைபடாமல் ஊடுருவும் நுண்துகள்கள். மையம் 100 கோடி டிகிரியை நெருங்கியதும் அவை ஆற்றலை அள்ளிக்கொண்டு நேராக வெளியே போய்விடுகின்றன. இழப்பை ஈடுகட்ட விண்மீன் இன்னும் சுருங்க வேண்டும், இன்னும் சூடாக வேண்டும்.

கடைசியில் மையத்தில் இரும்பு சேர்கிறது. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. மையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நொறுங்கி நியூட்ரான் விண்மீனாகிறது. சூரியனைவிட அதிக நிறை, நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள தூரத்தை விட்டமாகக் கொண்ட உருண்டைக்குள் அடங்கிவிடும்.

பாடநூலின் முதல் தவறு இங்கேதான். அந்த மைய இரும்பு வெளியே வருவதே இல்லை, நொறுங்கி நியூட்ரானாகிவிடுகிறது. வெளியே வரும் இரும்பு, வெடிப்பின் அதிர்வலை சிலிக்கன் அடுக்கைச் சூடாக்கும்போது புதிதாக நிக்கல்-56 ஆகப் பிறக்கிறது. அது 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்டாகவும், பிறகு 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகவும் மாறும். 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவாவின் ஒளி இந்த 77 நாள் கணக்கிலேயே மங்கியது. கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெற்கே கடலுக்கு மேல் 12 டிகிரி வரை ஏறும். அதன் எச்சத்திலிருந்து டைட்டானியம்-44 உமிழும் கதிர்களையும் பின்னாளில் பிடித்தார்கள். உங்கள் இல்மனைட்டில் அதிகம் இருப்பது டைட்டானியம்-48; இரண்டும் பிறப்பது இதே மாதிரியான வெப்பத்தில்.

ஆனால் 1987இல் வெடித்தது தந்த இரும்பு சூரிய நிறையில் 0.07 பங்குதான். மணலிலுள்ள இரும்பில் பாதிக்கு மேல் வேறு வழியாக வந்தது. சூரியனைப் போன்ற சிறிய விண்மீன்கள் கடைசியில் வெண்குறுமீனாகச் சுருங்கும். பூமியளவு உருவம், சூரியனளவு நிறை. அது 1.4 சூரிய நிறைக்கு மேல் தாங்காது என்று 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். துணை விண்மீனிலிருந்து பொருள் சேர்ந்தோ, இன்னொரு வெண்குறுமீனோடு மோதியோ அதில் கார்பன் ஒரே மூச்சில் எரிந்தால் முழு விண்மீனும் சிதறிவிடும். ஒரு வெடிப்பில் சுமார் 0.6 சூரிய நிறை நிக்கல், அதாவது இரும்பு, வெளியேறும்.

அடுத்து சிர்க்கானும் மோனசைட்டும். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. இரண்டாவது தவறும் இங்கேதான் இருக்கிறது. சிர்கோனியம், சீரியம், லாந்தனம் மூன்றும் இரும்பைவிடக் கனமானவை. ஆனால் இவற்றில் பெரும்பங்குக்கு வெடிப்பே தேவைப்படவில்லை. சூரியனைப் போல 1.5 முதல் 3 மடங்கு நிறையுள்ள விண்மீன்கள் முதுமையில் ஊதிப் பெருத்துச் செம்பெருமீனாகும் (பாடநூல்களில் சிவப்பு அரக்கன்). அப்போது அவற்றின் உள்ளே ஹீலியம் அடுக்குப் பகுதியில் கார்பன்-13 ஹீலியத்தோடு சேர்ந்து நியூட்ரான்களை விடுவிக்கும். அங்கே ஏற்கெனவே இருக்கும் இரும்பு அணுக்கரு ஒரு நியூட்ரானைப் பிடிக்கும். அடுத்ததைப் பிடிக்க ஆண்டுகள், சில நேரம் நூற்றாண்டுகள் ஆகும். நிலையில்லாத அணுக்கரு இடையில் பீட்டா சிதைவு கண்டு (ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி) அடுத்த தனிமமாகும். இப்படிப் படிப்படியாக ஏற்றம்.

நியூட்ரான் எண்ணிக்கை 50, 82, 126 ஆகும்போது அணுக்கரு இன்னொன்றைப் பிடிக்கத் தயங்கும். மடை அடைபட்ட வாய்க்காலில் தண்ணீர் தேங்குவதுபோல அங்கே அணுக்கள் தேங்கும். சிர்கோனியம்-90ஐ எடுங்கள்: 90இல் 40 புரோட்டான் போக 50 நியூட்ரான். இயற்கைச் சிர்கோனியத்தில் பாதி அதுவே. சீரியம்-140: 140இல் 58 போக 82. இயற்கைச் சீரியத்தில் 88 விழுக்காடு அதுவே. கரும்பலகையில் இந்த இரண்டு கழித்தலைப் போட்டுக் காட்டினால் போதும், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

சான்றும் உண்டு. சில செம்பெருமீன்களின் நிறமாலையில் சிர்கோனியம் ஆக்சைடின் பட்டைகளே தெளிவாகத் தெரியும். 1952இல் பால் மெர்ரில் அவற்றில் டெக்னீசியத்தையும் கண்டார். டெக்னீசியத்தின் எந்த வகையும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் நிற்காது. அந்த விண்மீன்களோ அதைவிடப் பல மடங்கு மூத்தவை. எனவே அது உள்ளேயே சமைந்து மேலே வந்திருக்க வேண்டும். இந்த விண்மீன்கள் வெளி அடுக்குகளை மெல்லிய காற்றாக ஊதிவிடுகின்றன. சிர்கோனியமும் அதோடு போகிறது.

தோரியம் இந்த வழியில் வரவே முடியாது. மெதுவான ஏற்றம் பிஸ்மத்தோடு, 83ஆம் எண்ணோடு, நின்றுவிடும். அதற்கு மேல் தோரியம் வரை உள்ளவை எல்லாம் அற்ப ஆயுள் கொண்டவை. அடுத்த நியூட்ரான் வருமுன் சிதைந்துவிடும். ஒரே தாவாகத் தாண்ட வேண்டும். அதற்கு ஒரு நொடி அளவுக்குள் நியூட்ரான்கள் மழையாகக் கொட்ட வேண்டும். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது அது நடக்கிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்த அப்படி ஒரு மோதலின் ஈர்ப்பலைகளையும் ஒளியையும் பதிவு செய்தார்கள். கனமான தனிமங்கள் புதிதாக உண்டானதை அதன் ஒளி காட்டியது. அரிய வகைச் சூப்பர்நோவாக்கள் சிலவும் இதில் பங்கு பெறலாம். சாதாரணச் சூப்பர்நோவா போதாது என்பதே இன்றைய கணிப்பு.

தோரியத்தின் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டுகள், பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகம். சூரியன் பிறந்த 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வந்து சேர்ந்ததில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மீதி, ஆறு ஆல்பா, நான்கு பீட்டா துகள்களை விட்டு ஈயம்-208 ஆகிவிட்டது. அந்த ஈயத்தில் எத்தனை நியூட்ரான் என்று பையனையே கழிக்கச் சொல்லுங்கள். 126 வரும். ஒரு கிராம் தோரியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. மணவாளக்குறிச்சி மணலருகே கதிர்வீச்சுமானியைப் பிடித்தால் அது கூடுதலாகத் துடிப்பது, சூரியன் பிறப்பதற்கு முன்பு அணுக்கருவில் அடைபட்ட ஆற்றல் இப்போது வெளிவருவதால்தான். பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் இருந்தன. முன்னது மோதலில் பிறந்தது, பின்னதில் பெரும்பங்கு செம்பெருமீனில்.

திருவாதிரையைக் கேட்ட பிள்ளைக்கு: சுசீந்திரம் மார்கழித் திருவிழா நிறைவுறும் அந்த நட்சத்திரம் சூரியனைப் போல 15 முதல் 20 மடங்கு நிறையுள்ளது, ஹைட்ரஜனை முடித்துவிட்டது. வெடிப்பது உறுதி, சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்குள் என்பதே பொதுவான கணக்கு. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது மங்கியதற்குக் காரணம், அதுவே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்தது. வெடித்தாலும் அது இருக்கும் 500 ஒளியாண்டுக்கு மேற்பட்ட தொலைவில் நமக்கு ஆபத்தில்லை.

வகுப்பில் செய்து காட்ட ஒரு வழி. இரண்டு கைப்பிடி மணல் போதும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி உப்பைப் போக்கி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு பிரியாது. வெள்ளைத் தாளில் மெல்லியதாகப் பரப்புங்கள். சாதாரணக் காந்தம் இல்மனைட்டை இழுக்காது, நியோடிமியக் காந்தம் வேண்டும். அதைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு மணலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நகர்த்துங்கள். வெறுங்காந்தமாக வைத்தால் ஒட்டிய மணலை எடுக்கவே முடியாது. முதலில் கறுப்பு இல்மனைட் ஏறும், இன்னும் நெருங்கினால் சிவந்த கார்னெட். தாளில் மிஞ்சியதைக் கைலென்சில் பார்த்தால் நிறமற்று மின்னுவது பெரும்பாலும் குவார்ட்ஸ். அதைவிட அதிகமாகப் பளிச்சிடும் நுண்மணிகள் சிர்க்கான், தேன்நிற மணிகள் மோனசைட். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள், எனவே அதைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டாம். தூசி பறக்காமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லிவிட்டு, மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள்.

அன்புடன்.