நாவல், சிறுகதை படிச்சா இங்கிலீஷ் வருமா? எதுல ஆரம்பிக்கலாம்?

கண்டிப்பா வரும், ஆனா எந்த புக்ல ஆரம்பிக்கிறீங்கங்கறது ரொம்ப முக்கியம். நிறைய பேர் நேரா ஷேக்ஸ்பியரை எடுத்து பத்து பக்கத்துல மூடி வச்சிட்டு நமக்கு இங்கிலீஷே வராதுன்னு முடிவு பண்ணிடறாங்க, அது 400 வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ங்க, இங்கிலாந்துல இருக்கற பசங்களே நோட்ஸ் வச்சுத்தான் படிக்கிறாங்க.

ஒரு பக்கம் படிச்சுப் பாருங்க. நூறு வார்த்தைக்கு ரெண்டு மூணு புரியலைன்னா பரவால்ல, பத்துக்கு மேல போச்சுன்னா இப்போதைக்கு வேணாம். சுத்தமா பேசிக்ல இருக்கறவங்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் புக்வார்ம்ஸ்னு எளிய இங்கிலீஷ்ல எழுதின கதை புக் சீரிஸ் இருக்கு, முதல் ஸ்டேஜ் 400 அடிப்படை வார்த்தைய வச்சு எழுதினது, ஆறாவதுல 2500 வரைக்கும் போகும்.

அடுத்து நான் எல்லாருக்கும் சொல்றது ஆர்.கே.நாராயண். 1935-ல வந்த ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் எடுங்க, வாக்கியம் எல்லாம் எளிமையா இருக்கும், ஸ்கூல், கிரிக்கெட், பாட்டி, கண்டிப்பான அப்பான்னு நமக்கு பழகின உலகம்ங்கறதால மொழிய மட்டும் கவனிச்சா போதும். (இங்கிலீஷ் கத்துக்க இல்லைன்னாலும் படிங்க, அவ்ளோ அழகான புக்.)

ஒவ்வொரு வார்த்தைக்கும் டிக்‌ஷனரிய எடுக்காதீங்க, கதையோட ஓட்டமே போயிடும். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா அப்ப பாருங்க, பாத்தத முழு வாக்கியமா எழுதி வைங்க, தனி வார்த்தையா எழுதினா எங்க எப்படி யூஸ் பண்றதுன்னு தெரியாது.

உச்சரிப்பு மட்டும் படிச்சு வராது. லிப்ரிவாக்ஸ்ங்கற வெப்சைட்ல காப்புரிமை முடிஞ்ச பழைய கதைங்க ஆடியோவா ஃப்ரீயா கிடைக்குது, கேட்டுக்கிட்டே படிங்க, அப்புறம் அதே பக்கத்தை வாய்விட்டுப் படிங்க.