ஒவ்வொரு கோரிக்கையையும் லாகில் (பதிவுக் கோப்பில்) பதிந்தால் வெப் சர்வர் மெதுவாகிறது. என்ன செய்யலாம்?

லாக் எழுதுவதில் தவறில்லை. பதில் அனுப்ப வேண்டிய த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடர்), வட்டில் எழுதி முடியும்வரை காத்திருப்பதுதான் சிக்கல். அந்த த்ரெட் பதிவை நினைவகத்தில் உள்ள வரிசையில் போட்டுவிட்டுப் போகட்டும். இன்னொரு த்ரெட் எடுத்து எழுதட்டும். பைத்தானில் இதற்கென்றே கியூஹேண்ட்லர் (வரிசையில் போடுவது), கியூலிசனர் (எடுத்து எழுதவைப்பது) இரண்டும் 3.2 பதிப்பிலிருந்து இருக்கின்றன. உங்கள் வெப் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் (nginx) என்றால் இன்னும் சுலபம்: அதன் அமைப்புக் கோப்பில் அக்சஸ் லாக் (அணுகல் பதிவு) வரியில் பஃபர் (நினைவகத்தில் சேர்த்துவைக்கும் அளவு) 32 கேபி, ஃபிளஷ் (சேர்ந்ததை வட்டில் எழுதும் இடைவெளி) 5 விநாடி என்று கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், வரிசைக்குக் கட்டாயம் வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் வட்டு திணறும் நாளில் நினைவகம் நிரம்பி சர்வரே விழுந்துவிடும். வரம்பை எட்டினால் காத்திருப்பதா, பதிவை விடுவதா? சாதாரண அணுகல் பதிவு என்றால் விட்டுவிடுங்கள். எத்தனை விட்டோம் என்று மட்டும் எண்ணி வையுங்கள். பணப் பரிமாற்றம், தணிக்கைப் பதிவுகளை மட்டும் தயவுசெய்து இந்த வழியில் எழுதாதீர்கள். சர்வர் திடீரென நின்றால் வரிசையில் இருந்தவை அத்தனையும் போய்விடும்.