கேட்டலாக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: பேரிங், வி-பெல்ட், வால்வு, போல்ட்-நட்டு என்று தொழிற்சாலைகளுக்கான உதிரிபாகங்களை வாங்கி விற்கும் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரம் முழுக்க வகுப்பு எடுக்கிறோம், கையில் கேட்டலாக்கும் கொடுக்கிறோம். ஆனாலும் போனில் வாடிக்கையாளர் கேட்டால் திணறுகிறார்கள், தப்பான சரக்கு போகிறது, பாதிப் பேர் சில மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: நீங்கள் சொல்லிக்கொடுக்கும் வரிசையில்தான். சரக்கைத் தொட்டுப் பார்க்காத ஒருவரிடம் ஆயிரக்கணக்கான எண்கள் உள்ள புத்தகத்தைக் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்? முதல் வாரத்தை ஏசி அறையிலிருந்து குடோனுக்கு மாற்றுங்கள். வந்த சரக்கைப் பிரிக்கட்டும், ரேக்கில் அடுக்கட்டும், ஆர்டருக்கு எடுத்துக் கொடுக்கட்டும். கூடவே 6205 என்ற எண்ணுள்ள ஒரு பேரிங்கையும் வெர்னியர் அளவுகோலையும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15 வரும். கடைசி இரண்டு இலக்கமான 05-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைத்துவிடும், இந்தக் கணக்கு 04-லிருந்துதான் செல்லும், 6203-க்குப் போட்டால் தப்பாகிவிடும் (அதன் உள்விட்டம் 17) என்பதை அளந்த கையோடு சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது.

அப்புறம், உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல பாடப்புத்தகம் இருக்கிறது: திரும்பி வந்த சரக்கு. அதை மூலையில் போட்டு வைக்காமல், புதியவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றும் ஏன் திரும்பியது என்று பேசுங்கள். உதாரணமாக, குழாய் இணைப்புகளில் வரும் அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் தரம்) மரையும் அரை அங்குல என்பிடி (அமெரிக்கத் தரம்) மரையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரை, ஒன்றை மற்றொன்றில் முறுக்கினால் சில சுற்று ஏறவும் செய்யும். ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 55 டிகிரி, இன்னொன்றின் கோணம் 60 டிகிரி. பிரஷர் ஏறியதும் கசிந்துவிடும். திரும்பி வந்த ஒரு ஃபிட்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டவர், அடுத்த ஆர்டரில் "எந்த மரை சார்?" என்று கேட்காமல் விடமாட்டார்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் பதில் தெரிவதைவிட எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதுதான் முதல் திறமை. வாடிக்கையாளர் "6205 நாலு அனுப்புங்க" என்று மட்டும் சொல்வார். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ்ஸா, உலோக மூடி உள்ள இசட்இசட்டா, உள்ளே குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி சாதாரணமா அல்லது சூடாகும் இடத்துக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளியுள்ள சி3யா, எந்த மெஷினுக்கு என்பதெல்லாம் நாம் கேட்டால்தான் வரும். பழைய பேரிங்கின் மேலே எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

போனை உடனே தராதீர்கள். முதலில் அனுபவசாலியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், பிறகு அவர் பேச அனுபவசாலி கேட்கட்டும். "பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்" என்று சொல்ல முழு அனுமதி கொடுங்கள், ஆனால் சொன்ன நேரத்தில் கூப்பிட்டே ஆக வேண்டும், மறுமுனையில் ஒரு மெஷின் நின்றுபோயிருக்கலாம். இன்னொன்று, சொல்லிக்கொடுக்கும் அந்த சீனியரின் விற்பனை இலக்கை அந்த மாதங்களில் குறையுங்கள். இதை யாருமே செய்வதில்லை. இலக்கையும் முழுசாக வைத்துவிட்டு, சொல்லியும் கொடு என்றால் அவர் எரிந்துதான் விழுவார், புதியவர் சந்தேகம் கேட்கவே பயப்படுவார். ஆட்கள் நின்றுவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: படித்தவர்களைக் குடோனில் நிறுத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்: சேர்ந்த பிறகு சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். நேர்காணலிலேயே, இத்தனை வாரம் குடோன், ஏன் குடோன், அதன் பிறகு எந்த இருக்கை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முதல் நாளே பாதுகாப்புக் காலணி, கையுறை, கணினி லாகின் மூன்றும் தயாராக இருக்கட்டும். குடோன் பொறுப்பாளரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். வந்தவர் மூட்டை தூக்க வந்த கூடுதல் ஆள் இல்லை, கற்றுக்கொள்ள வந்தவர் என்று அவருக்கும் தெரிய வேண்டும்.